பதினெட்டு நிமிடக் கோபுரம்

கடைசிப் பயணி இறங்கியதும் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு ஆற்றங்கரைக்கு இறங்கிவிடுவார் ஓட்டுநர். பேருந்து மறுபடி கிளம்பப் பதினெட்டு நிமிடம் இருக்கிறது. மற்ற ஓட்டுநர்கள் அதற்குள் ஒரு தேநீரும் ஒரு குட்டித் தூக்கமும் முடித்துவிடுவார்கள். இவர் கல் அடுக்குவார்.

சும்மா தட்டையாக அடுக்குவது யாருக்கு வேண்டும்? முட்டை போன்ற கல்லை நுனியில் நிறுத்துவார். அதன் தலைமேல் இன்னொன்று. குறுக்கே ஒரு சுள்ளி. சுள்ளியின் இரு முனையிலும் ஈர இலையில் பொதிந்த கூழாங்கல். பசை கிடையாது, களிமண் கிடையாது. கட்டைவிரலால் கல்லின் அடியைத் தடவித் தடவிப் பள்ளம் தேடுவார். வழிக்கு வராத கல்லை, "உனக்கு ரொம்பத்தான் கொழுப்பு!" என்று அதட்டுவார். பக்கத்தில் நிற்கும் நடத்துநர், தன்னைத்தான் சொல்கிறாரோ என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.

கொத்து வேலை செய்யும் பயணி ஒருவர், கொஞ்சம் சிமென்ட் கொண்டுவரட்டுமா என்று ஆசையாகக் கேட்டார்.

"சிமென்ட் போட்டா அது சுவருங்க. சுவரைப் பாக்க எவன் வருவான்?"

கிளம்பும் நேரத்தில் இன்ஜின் உறுமினால் கரை அதிரும். கோபுரம் பொலபொலவென்று உதிரும். இதுவரை ஒன்றுகூடத் தப்பியதில்லை. அதைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்புவார். என்ன மனுஷனோ!

வீட்டில்தான் இந்தப் பெருமை செல்லுபடியாகவில்லை. மனைவி தையல்காரர்; நூலளவு பிசகினாலும் பொறுக்கமாட்டார்.

"நீங்க அடிச்ச அலமாரியே மூணு வருஷமா சாஞ்சு கிடக்கு. கல்லு நிக்குதாம், கல்லு! யாரு காதுல பூ சுத்துறீங்க?"

படம் எடுத்துக் காட்டலாமே என்றால், "போட்டோவுல எதுதான் நிக்காது?" என்று ஓட்டுநரே கையை விரிப்பார்.

போன ஞாயிறு தையல் கடைக்கு விடுமுறை. மனைவி பேருந்தில் ஏறி முதல் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். "இன்னைக்குப் பாத்துடறேன்."

ஓட்டுநருக்குத் தெரியும்: இன்று நிற்காவிட்டால் அந்த அலமாரிக் கதை ஆயுசுக்கும் ஓயாது. கரையில் முதல் கோபுரம் சரிந்தது. இரண்டாவது, சுள்ளியோடு மனைவியின் காலடியிலேயே வந்து விழுந்தது.

"ம்க்கும்" என்றார் மனைவி.

ஆறு நிமிடம் பாக்கி. மூச்சை அடக்கிக்கொண்டு மூன்றாவதை அடுக்கி, கையை எடுத்தார். நின்றது! இலைகள் காற்றில் ஆட, சுள்ளி மெல்ல ஏறி இறங்கியது. ஆனால் விழவில்லை.

மனைவி சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து, கல்லும் கல்லும் தொடும் இடத்தை, ஊசியில் நூல் கோப்பவரைப் போல ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"அடேங்கப்பா! ஏங்க, இது எப்படிங்க நிக்குது?"

ஓட்டுநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதற்குள் நடத்துநர் விசில் ஊதிவிட்டார். "அண்ணி, ஏறுங்க. நேரமாச்சு."

"வண்டி எடுத்தா விழுந்துடுமா?" மனைவி கணவரைக் கேட்டார்.

"விழும். விழட்டுமே, நாளைக்கு வேற வெச்சாப் போச்சு. வா, ஏறு."

"அதெப்படி விழும்? நான் இருக்கேன்ல. நீங்க போங்க, நான் அடுத்த வண்டில வரேன்."

இன்ஜின் உறுமியது. இத்தனை வருடத்தில் ஓட்டுநர் கிளட்சை இவ்வளவு மெதுவாக விட்டதில்லை. பக்கக் கண்ணாடியில் மனைவி தெரிந்தார். கரையில் குந்தி, நடை பழகும் குழந்தையைப் பிடிக்கப் போகிறவரைப் போல, கல்லைத் தொடாமல், இரண்டு கைகளையும் கோபுரத்தைச் சுற்றி விரித்து வைத்திருந்தார்.