டாஷ்போர்டில் ஓர் எலுமிச்சம்பழம்

எடையைக் குறைத்தால் கார் வேகமாக ஓடும் என்று என் கணவரிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். பின் சீட்டையும் ஸ்டெப்னியையும் கழற்றி எங்கள் பாலிகஞ்ச் ஃப்ளாட்டின் பால்கனியில் போட்டார். தொப்பையை மட்டும் விட்டுவிட்டார்.

ஊருக்கு வெளியே பழைய விமான ஓடுதளம் ஒன்றில் இவரைப் போன்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டுவார்கள். தன் வேகத்தைக் காட்ட என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார். உருளக்கூடிய எதுவும் உள்ளே இருக்கக்கூடாது என்று அங்கே நடத்துகிறவர்கள் சொன்னார்கள். டாஷ்போர்டில் கோயிலில் கொடுத்த எலுமிச்சம்பழம் இருந்தது.

"அதையும் எடுங்க" என்றேன்.

"சாமி பழம்டி. அது என்ன தண்ணி பாட்டிலா?"

முதல் திருப்பத்திலேயே பழம் அவர் காலடிக்கு உருண்டது. அடுத்த திருப்பத்தில் பிரேக்கை மிதித்தார். அடியில் பழம் மாட்டியதால் பெடல் இறங்கவில்லை. எதிரே டயர் அடுக்கிய சுவர். அவர் "முருகா" என்று கண்ணை மூடிக்கொண்டார். ஓட்டுகிற ஆள் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். கார் சுழன்று புல்லில் போய் நின்றது.

எல்லோரும் ஓடிவந்தார்கள். "பௌதி, அடி பட்டுச்சா?" என்று ஒருவர் வங்காளத்தில் என்னை அண்ணி முறை வைத்துக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் நசுங்கிய பழத்தைத் தூக்கிக் காட்டினார். அதுதான் எங்களைக் காப்பாற்றியதாம். இரண்டு பேர் அதைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டார்கள்.

இப்போது டாஷ்போர்டில் இரண்டு பழம் வைத்திருக்கிறார். காப்பாற்றியது யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்ல வாய் வராத மனிதரோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.