தணிகாசலத்தின் மூன்று ஷிப்ட் நோட்டு

தணிகாசலம் போய்விட்டான். காலையில் அவன் மகள் போன் பண்ணினாள்... உப்பளம் பகுதியில் இருக்கிற அவன் வீட்டில், தூக்கத்திலேயே.

மில்லில் என்னோடு வேலை பார்த்தவன். ஒரே வயசு, ஒரே டிபார்ட்மெண்ட். நல்லவன், தங்கமானவன் என்று குரூப்பில் எல்லாரும் எழுதுகிறீர்கள்... எழுதுங்கள்.

நான் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவனைப் பார்த்து நான் வயிறெரிந்த மாதிரி இந்தப் பாண்டிச்சேரியில் எவனும் எரிந்திருக்க மாட்டான்.

எழுபதுகளின் கடைசி. வருஷா வருஷம் ஆயுத பூஜை சாயங்காலம் மில் மைதானத்தில் நாங்களே நாடகம் போடுவோம். குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஆனால் மூன்று ஷிப்ட் ஆட்களும் ஒன்றாக உட்கார்ந்து பேச வழியே கிடையாது. நான் உள்ளே போகும்போது அடுத்தவன் வெளியே வருவான்.

அதற்குத் தணிகா ஒரு வேலை பண்ணினான். கேண்டீன் ஜன்னலில் ஒரு நீள நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டான், கூடவே ஒரு பேனா. முதல் ஷிப்ட் கேள்வி எழுதும், இரண்டாம் ஷிப்ட் பதில் எழுதும், மூன்றாம் ஷிப்ட் சண்டை போடும்! இன்றைக்கு வாட்ஸ்அப் குரூப்பில் அடித்துக்கொள்கிறோமே, அதேதான்.

பூஜை முடிந்ததும் நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போய் பத்திரப்படுத்துவான். அடுத்த வருஷம் புது நோட்டு வரும். அதில் முதல் பத்துப் பக்கம் பழைய நோட்டின் உருப்படியான கேள்வி பதில்கள் மட்டும், அவனுடைய முத்து முத்தான கையெழுத்தில்... மைக் செட்டுக்கு யாரைப் பிடிப்பது, ராஜா டிரஸ் எங்கே கிடைக்கும், எல்லாம் இருக்கும்.

அதில் பாதிப் பதில் நான் எழுதியது. ஆனால் யார் பேரும் இருக்காது.

ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பேரு போட்டா நீ பெருசா நான் பெருசான்னு சண்டதான்டா வரும் ஏழுமல. விஷயம் இருந்தா போதாதா?" என்று சிரித்தான்.

அவனுக்கென்ன, சொல்வான்! மில்லே "தணிகாவக் கேளு, அவனுக்குத் தெரியாததா" என்றது. நோட்டைப் பார்த்துவிட்டு என் பெண்டாட்டியே, "அந்த அண்ணனுக்கு என்னா மூள பாருங்க" என்றாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு வருஷம் யாரோ நோட்டில் கேட்டிருந்தார்கள்... பூஜை அன்னிக்கி மழ வந்தா நாடகத்த எங்க போடுறது?

நான் பதில் எழுதினேன். "பஞ்சு குடோன் காலியாத்தான் இருக்கும். கேட்டா தொறந்து விடுவாங்க."

பூஜை சமயத்தில் குடோன் கூரை வரைக்கும் பஞ்சு பேல் அடுக்கியிருக்கும். எனக்குத் தெரியும், என் மச்சான் அங்கேதான் வேலை. வேண்டுமென்றேதான் எழுதினேன்... ஒரு தடவையாவது இவன் மாட்டட்டும் என்று.

அந்த வருஷம் மழை இல்லை. அடுத்த வருஷம் புது நோட்டில் என் பதில் அழகாக அவன் கையெழுத்தில் வந்தது. மழையும் வந்தது.

பெண்டு பிள்ளைகள் எல்லாம் தொப்பலாக நனைந்துகொண்டு குடோனுக்கு ஓடினார்கள். கதவைத் திறந்தால் நிற்கக்கூட இடமில்லை. நாடகமே நின்றுபோனது.

சங்கச் செயலாளர் நோட்டைத் தூக்கிக் காட்டி, "எவன்யா இத எழுதுனது?" என்று கத்தினார்.

"நாந்தாண்ணே. என் கையெழுத்துதான அது" என்றான் தணிகா. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவ்வளவு பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றான்.

நான் எழுதிய பழைய நோட்டு அவன் வீட்டில்தானே இருந்தது. என் கோழிக்கிறுக்கல் அவனுக்குத் தெரியாதா என்ன?

அதற்கப்புறம் நான் நோட்டுப் பக்கமே போகவில்லை. ஒருநாள் என் மிஷினுக்கே வந்து நின்றான். "என்னடா, இந்த வருஷம் ஒண்ணுமே எழுதல? நீ எழுதுனாத்தான் எனக்கு வேல சுளுவு."

நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. தப்பு பண்ணியது நான், பெரிய மனுஷன் ஆனது அவன்... அதற்கும் சேர்த்து எரிந்தேன்.

இன்றைக்கு மாலை வாங்கிக்கொண்டு போனேன். நோட்டுகளை எல்லாம் தலைமாட்டில் அடுக்கி வைத்திருந்தாள் மகள். வந்தவர்கள் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் சிக்குவதற்குள், குடோன் என்று நான் எழுதின வருஷத்து நோட்டைத் தேடி எடுத்தேன்.

நான் எழுதிய பக்கம் இல்லை. ஸ்கேல் வைத்து நேராகக் கிழித்திருந்தது.

"அது ரொம்ப வருஷமாவே அப்டித்தான் மாமா. கேட்டா எலி கடிச்சிடுச்சின்னு சொல்லுவாரு" என்றாள்.

அன்றைக்கு மழையில் நனைந்தவர்கள் யாராவது இதைப் படித்தால்... குடோன் என்று எழுதியது நான்தான். தணிகா இல்லை.

போய் வாடா. இப்பவும் எரியத்தான் செய்கிறது.