ரிவர்ஸில் போன வீடு

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. கால்வாய் நெடுகிலும் அவள் டீசலக்காதான்.

நடுவழியில் படகு நின்றுபோய், படகு ரிப்பேர் கம்பெனிக்கு யாராவது போன் அடித்தால், கரையோரப் பாதையில் வேனை உருட்டிக்கொண்டு முதலில் வந்து நிற்பது அவள்தான். அதற்கு முன்னால் தையல் ஃபாக்டரியில் இருந்தாள். அங்கே மெஷின் மக்கர் பண்ணினால், மெக்கானிக் டீ குடித்துவிட்டு ஆடி அசைந்து வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். திட்டு மட்டும் தைக்கிறவளுக்கு. ஒரு நாள் பொறுமை போய் அவன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கினாள். அதன் பிறகு கீழே வைக்கவே இல்லை. "பொம்பளையா வந்திருக்கு?" என்று இன்றைக்கும் சில படகுக்காரர்கள் இழுப்பார்கள். "ஆமா. உங்க இன்ஜினுக்கு ஆட்சேபணை ஏதும் இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க" என்பாள்.

இப்படிப்பட்டவள் எட்டிப் பார்க்காத படகு ஒன்று உண்டு. அது செத்துப்போன அண்ணனுடையது. அண்ணி அதில்தான் குடியிருந்தாள். படுக்கை, அடுப்பு, துணிமணி, அண்ணனின் பழைய ரேடியோ எல்லாம் அந்த நீளமான இரும்புக் கூட்டுக்குள் அடக்கம். அண்ணன் இறந்த வாரத்திலேயே டீசலக்கா இன்ஜின் மூடியைத் திறந்து பார்த்து, "இப்படியா போட்டு வச்சிருப்பீங்க?" என்று கேட்டுவிட்டாள். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? அண்ணி மூடியைச் சாத்தினாள், வாயையும் சாத்தினாள். அதற்கப்புறம் எதிரெதிரே வந்தால்கூட இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

குடியிருக்கிற படகு ஒரே கரையில் ஒட்டிக்கொண்டு கிடக்கக் கூடாது என்பது கால்வாய் ஆபீஸின் விதி. சொன்ன கெடுவுக்குள் சொந்த இன்ஜினில் நகர்ந்து ஒரு பாலத்தையாவது தாண்ட வேண்டும். தாண்டாத படகைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இன்ஜின் படுத்துவிட்டால் உள்ளே இருக்கிற ஜனம் எங்கே போகும் என்று விதி எழுதினவனுக்கு என்ன கவலை? அவன் வீடு சிமெண்டில் நிற்கிறது.

இன்ஜின் நின்றுபோய் நகராமல் கிடந்த அண்ணியின் படகில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கெடு முடிகிற நாள் காலையில் மேனேஜர் போன் பண்ணினார். "அது உங்க சொந்தக்காரங்க படகுன்னு தெரியும். நோட்டீஸ் ஒட்டின படகை நம்ம ஆளுங்க தொடக்கூடாது. ஆபீஸோட நமக்கு வம்பு வேண்டாம்."

"சரி சார்" என்றாள். போனை வைத்துவிட்டு வேனை நேரே அங்கே விட்டாள்.

அண்ணி பின்தளத்தில் நின்றிருந்தாள். "உன்னை யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல. தள்ளுங்க."

டீசலில் தண்ணீர் கலந்திருந்தது. அதை வடித்து, ஃபில்டரை மாற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினாள். இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. லீவரை முன்னால் தள்ளினாள். இன்ஜின் கத்தியதே ஒழிய படகு அசையவில்லை. மறுபடியும் தள்ளினாள். ம்ஹூம். கியர்பாக்ஸில் முன்னால் போவதற்கான கிளட்ச் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தது. புதுசு வர ஒரு வாரமாவது ஆகும். வளைவில் ஆபீஸின் இழுவைப் படகு அப்போதே தெரிந்தது.

அண்ணி படியில் உட்கார்ந்துவிட்டாள். "விடு. அவரே போயிட்டாரு. இதுவும் போகட்டும்."

டீசலக்காவுக்குத் துக்கம் வந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. லீவரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். தண்ணீர் குபுகுபுவென்று கலங்கியது. படகு பின்னால் நகரப் பார்த்து, கட்டியிருந்த கயிறு விறைத்தது.

இழுவைப் படகில் ஆபீஸர் பக்கத்தில் வந்ததும் அவளே பேச்சை ஆரம்பித்தாள். "சார், சொந்த இன்ஜின்ல ஒரு பாலத்தைத் தாண்டணும். அவ்வளவுதானே விதி?"

"அவ்வளவுதான்."

"முன்னால இருக்கிற பாலமா, பின்னால இருக்கிற பாலமா?"

"ஏதோ ஒண்ணு."

"படகோட மூஞ்சி எந்தப் பக்கம் பார்க்கணும்னு ஏதாவது போட்டிருக்கா?"

அவள் கயிற்றை அவிழ்த்தாள்.

அவ்வளவு நீளப் படகு ரிவர்ஸில் சொன்ன பேச்சுக் கேட்காது. சுக்கான் சும்மா பேருக்குத்தான். முன்பக்கம் அதன் இஷ்டத்துக்கு அலையும். அங்கே ஒரு ஆள் நின்று நீளக் கழியால் கரையை உந்திக்கொண்டே இருக்க வேண்டும். யாரும் சொல்லாமலே அண்ணி கழியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"இடது பக்கம் உந்துங்க."

அண்ணி உந்தினாள். படகு போய்க் கரையில் நச்சென்று முட்டியது.

"உன் இடதா, என் இடதாடி?"

நியாயமான கேள்வி. ஒருத்தி பின்னால் பார்த்து நிற்கிறாள், இன்னொருத்தி முன்னால் பார்த்து நிற்கிறாள். "சரி, இடது வலது வேண்டாம். மரத்துப் பக்கம், ரோட்டுப் பக்கம்."

"அதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

அண்ணி வாயிலிருந்து அந்த 'டி' வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. டீசலக்கா லீவரை விடாமல் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

மரத்துப் பக்கம் ஒரு முட்டு, ரோட்டுப் பக்கம் ஒரு முட்டு. அடுப்பு, படுக்கை, ரேடியோ எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வீடு பின்னாலேயே போனது. கரையில் போனவர்கள் நின்று சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, அவர்கள் வீடா போகப் பார்த்தது? இழுவைப் படகு இழுக்க ஒன்றுமில்லாமல் கூடவே வந்தது. வழி முழுக்க ஆபீஸரின் முகத்துக்கு நேரே அண்ணி கழியும் கையுமாக நின்றாள்.

பாலத்தைத் தாண்டியதும், "தாண்டிட்டீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆபீஸர் திரும்பிப் போனார். அதற்குள் மேனேஜருக்குச் சேதி போய்விட்டது. போன் அடித்தது.

"தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார். தொட்டேன்."

"உங்களுக்கு வேலை வேண்டாமா?"

அதற்கு அவள் பதில் சொல்வதற்குள் அண்ணி வந்து போனை வாங்கிக்கொண்டாள். மூச்சு வாங்கியது, கையெல்லாம் சேறு. "அவ எங்க வீட்டுப் பொண்ணு. எங்க வீட்டு இன்ஜினை அவ தொடுவா. அதுக்கு உங்களை எதுக்குக் கேட்கணும்?" என்று சொல்லிப் போனை அணைத்தாள்.

பிறகு கழியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் நடந்தாள். "லீவரைப் பிடிடி. அடுத்த பாலத்தையும் தாண்டிக் காட்டுவோம்."