ப்ளவுஸ் வெட்டுகிற மேசையில் ஒரு படகு

இன்றைக்குக் கம்பளையில் எங்கள் படகை மகாவலி ஆற்றில் இறக்கினோம்!

ஆமாம், படகு. நாங்களே செய்தது. கண்டியில், எங்கள் மஹய்யாவ வீட்டு ஹாலில்!

(கண்டியில் கடல் எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? பொலிஸும் அதையேதான் கேட்டது. சொல்கிறேன்.)

என் கணவர் யாழ்ப்பாணத்தில் தீவுப்பக்கத்துக்காரர். கண்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை. சண்டையில் ஏ9 பாதையை மூடியதிலிருந்து ஊருக்குப் போக வழியில்லை. இவருடைய அம்மா அங்கே, இவர் இங்கே. பேச்சே குறைந்துபோயிற்று. வேலை விட்டு வந்தால் கதிரையில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார்.

ஒருநாள் நெட் கஃபேயில் ஏதோ பிரிண்ட் எடுத்து வந்து என் தையல் மேசையில் விரித்தார்.

"இது என்னெண்டு தெரியுதோ?"

வளைந்த துண்டுகள், குறுகிய துண்டுகள், நடுவில் அகலமாக ஒன்று.

"ப்ளவுஸ் பேட்டர்ன்தானேங்க? ஆனா யாருக்கு? இவ்வளவு பெரிய ஆளா!"

மாதக்கணக்கில் சிரிக்காத மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

படகாம்! பிளைவுட்டை வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, செப்புக் கம்பியால் தைக்க வேண்டுமாம். மூட்டுகளில் மரத்தூள் கலந்த எபொக்சி பசை. அதன்மேல் ஃபைபர்கிளாஸ் துணி. ஆணியே கிடையாது. ரெண்டு பேர் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு.

"தைக்கணுமா? அப்ப நீங்க தள்ளுங்க!" என்றேன்.

கம்பியை இறுக்க இறுக்கத் தட்டைப் பலகைகள் வளைந்து எழுந்தன. ப்ளவுஸில் டாட் பிடித்ததும் துணி உருண்டு வருமே, அதேதான்!

(வாசலால் வெளியே வருமா என்று முதலிலேயே பார்த்துவிட்டேன். டெய்லர் அளக்காமல் வெட்ட மாட்டாள்!)

எபொக்சிதான் பொல்லாதது. இரண்டு டின்னில் வரும்; இரண்டையும் கலந்துவிட்டால் உடனே இறுகத் தொடங்கும், நமக்காகக் காத்திருக்காது. முதல் தடவை ஆசைப்பட்டு நிறையக் கலந்தோம். யோகட் கப்பிலேயே கொதித்துப் புகைந்து, கல்லாகிவிட்டது.

ஆனால் ஃபைபர்கிளாஸ்! வெள்ளைத் துணியின்மேல் பசையை ஊற்றித் தடவியதும், துணி காணாமல்போய்ப் பலகையின் வரிகள் மின்னின. இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

அந்த வாரம்தான் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு செக்கிங்.

அடையாள அட்டையோ யாழ்ப்பாணத்து ஐ.சி.

ஹாலில் ஒரு படகு.

மூலையில் கெமிக்கல் டின்கள்.

விசாரணைக்கென்று கூட்டிப்போய்த் திரும்பி வராதவர்களைப் பற்றி இந்த நாட்களில் யார்தான் கேள்விப்படவில்லை?

"மே மொகத?" என்றார் சார்ஜன்ட். இது என்ன என்று.

படகு என்றேன் சிங்களத்தில். அவர் படகைப் பார்த்தார், ஐ.சி.யைப் பார்த்தார். கண்டியில் கடல் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பிறகு, "காலையில ஸ்டேஷனுக்கு வாங்க. இதையும் கொண்டு வாங்க" என்றுவிட்டுப் போனார்.

காலையில் கேட்ட வேன்காரர் எல்லாம், "பொலிஸா? ஆளை விடுங்கக்கா!"

வேறு வழி? படகைக் கவிழ்த்துத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். எனக்குத் தெரிந்தது தார்ரோடும் அவருடைய குதிகாலும்தான்.

"அக்கா, இவ்வளவு பெரிய குடை எங்க வாங்கினீங்க?" த்ரீவீலர்காரர் ஒருவர் கத்தினார்.

செக்பொயின்டில் இறக்கி, ஐ.சி. காட்டி, மறுபடி தூக்கினோம். துவக்கோடு நின்ற ஆமிக்காரப் பையன் சிரிப்பை அடக்க முடியாமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

ஸ்டேஷன் முற்றத்தில் இன்ஸ்பெக்டர் படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். ஒரு முனையை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து ஆச்சரியப்பட்டார். (பேச்செல்லாம் சிங்களத்தில்.)

"எஞ்சின்?"

"இல்லை சேர். துடுப்பு மட்டும்தான்."

"எதுக்குச் செஞ்சீங்க?"

மீன் பிடிக்க என்று சொல்ல நான் வாயெடுத்தேன். இவர் முந்திக்கொண்டார்.

"கடல் ஞாபகம் வந்தது சேர். ஊருக்குப் போகப் பாதை இல்லை."

போச்சு என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் இவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆத்துல போட்டா தண்ணி உள்ள வராதா?"

"வராது சேர். என்ர மனிசி தைச்சது."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். டாட், தையல், கம்பி என்று என் மஹய்யாவச் சிங்களத்தில் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். ஒரு பெண் கான்ஸ்டபிள் படகின் மூட்டுகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"எனக்கு ஒரு சாரி ஜாக்கெட் தைச்சுத் தருவீங்களா?"

(அங்கேயே அளவெடுத்தேன்!)

இன்ஸ்பெக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "கொண்டு போங்க. ஆத்துல இறக்க முன்னாடி அங்க உள்ள ஸ்டேஷன்ல சொல்லிடுங்க."

கம்பளைப் பொலிஸில் சொன்னோம். இன்றைக்கு இறக்கினோம்.

எனக்கு நீச்சல் தெரியாது. ஆற்றைப் பாலத்தில் நின்று பார்த்ததோடு சரி.

"நீர் பயப்பிடாமல் ஏறும். நான் பிடிச்சிருக்கிறன்."

"மூழ்கிடாதுங்களே?"

"தைச்சது நீரெல்லோ? என்னட்டக் கேக்கிறீர்!"

ஏறினேன். ஆடியது. கண்ணை இறுக்க மூடினேன். திறந்தபோது கரை தூரத்தில் இருந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை! இவர் துடுப்புப் போட்ட விதத்தைப் பார்க்க வேண்டுமே. கதிரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தவர் இவர்தானா?

நடு ஆற்றில் துடுப்பை நிறுத்திவிட்டு அம்மாவுக்குப் போன் எடுத்தார். திரும்பத் திரும்ப எடுத்து, கடைசியில் லைன் கிடைத்தது.

"அம்மா, நான் தோணியில இருக்கிறன்!"

மாமியின் குரல் எனக்கும் கேட்டது.

"எங்கயடா மோனை?"

"கம்பளையில. ஆத்துக்கு நடுவில. தண்ணிச் சத்தம் கேக்குதோ?" போனைத் தண்ணீர்ப் பக்கம் பிடித்தார்.

மாமி முதலில் அழுதார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு ஆறு முழுக்கக் கேட்டிருக்கும்.

"கடற்கரையில இருக்கிற எங்களை நேவிக்காரர் தண்ணிக்க இறங்க விடுகினமில்லை. நீ மலையில போய்த் தோணி விட்டிட்டியே, கெட்டிக்காரா!"