கொழுந்தனின் இழுப்பும் வீட்டுக்காரரின் காப்புறுதியும்

கொழும்பில் மாத்திரைப் பையிலும் பேர் எழுதித்தான் தருகிறார்கள். கொட்டாஞ்சேனைக்கு வந்த புதிதில் காய்ச்சல் மாத்திரை வாங்கப் போனேன். பாமசியில் இருந்த பெண் "ஆருக்கம்மா?" என்று கேட்டாள். "எல்லாருக்குந்தான்" என்றேன். "வீட்டில எல்லாருக்கும் காய்ச்சலோ?" என்றாள். இப்போது யாருக்கும் இல்லை, வந்தால் இருக்கட்டுமே என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் பேரைச் சொல்லி வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வந்துவிட்டேன். ஒரு மருந்துக்கு ஒரு ஆள்தான் சொந்தம் என்பது இந்த ஊரில் நான் படித்த முதல் பாடம்.

தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே டிஸ்பென்சரியில் பேர் பதிந்த தொழிலாளிக்குத்தான் மருந்து. என் கொழுந்தன் வேலு தோட்டத்தை விட்டு மரக்கறித் தோட்டத்துக் கூலிக்குப் போய், சரிவராமல் திரும்பி வந்தவர். பிறகு பேர் பதியவில்லை. சின்ன வயதிலிருந்தே அவருக்கு இழுப்பு. குளிர் மாதத்தில் அவர் மூச்சு வாங்கும் சத்தம் லயத்து வரிசையில் நாலு வீட்டுக்குக் கேட்கும். என் வீட்டுக்காரர் போய்த் தன் பேரில் மருந்து வாங்கி வருவார், தம்பி குடிப்பார். மருந்து கொடுத்த ஐயாவுக்கும் தெரியும். "உங்க இழுப்பு இப்ப எப்படி இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாராம். இவரும் "ராத்திரி நல்லாத் தூங்குனான் ஐயா" என்பாராம். பேரை இரவல் கொடுப்பதை அங்கே யாரும் தப்பாக நினைத்ததில்லை.

மகள் கல்யாணமாகி இங்கே வந்ததும் நாங்களும் வந்தோம். இவருக்குத் துறைமுகத்துப் பக்கம் சாமான் அடுக்கும் ஒரு கிட்டங்கியில் காவல் வேலை. அப்போதுதான் தன் உயிருக்குக் காப்புறுதி எடுத்தார். நோய் உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்றார். அது உண்மை. ஒருநாள் நெஞ்சுவலி வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கம்பனிக்காரர்கள் விசாரித்துக்கொண்டு தோட்டம் வரைக்கும் போய் டிஸ்பென்சரிப் பதிவைப் பார்த்திருக்கிறார்கள். பழைய சுவாச நோயை மறைத்துக் காப்புறுதி எடுத்தார், ஆகவே தர முடியாது என்று பதில் வந்தது. மகள் அதைத் தமிழில் சொன்னபோது பணம் போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மறைத்தார் என்ற சொல்தான் படுக்கவிடாமல் செய்தது. அவர் யாரிடமும் பொய் சொல்லிப் பிழைத்தவர் இல்லை.

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு சட்டத்தரணி அம்மாதான் வழக்கை எடுத்தார். நான் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவதைப் பார்த்துவிட்டு, "அம்மா, கோர்ட்டில தலையாட்டினா எழுத ஏலாது. வாயைத் திறந்து கதையுங்கோ. அந்தத் தம்பியும் வரத்தான் வேணும்" என்றார். வேலுவுக்கு போன் எடுத்தேன். "அண்ணி, அடுத்தவன் பேர்ல மருந்து குடிச்சேன்னு உள்ள போட்டுருவாங்களா?" என்றார். "போட்டா சோறு நான் கொண்டாரேன், நீங்க வாங்க" என்றேன். பார்க்கலாம் என்று போனை வைத்துவிட்டார்.

புதுக்கடை நீதிமன்றத்தில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். கம்பனி வழக்கறிஞர் சிங்களத்தில் கேட்க, மொழிபெயர்ப்பவர் தமிழில் சொன்னார்: "உங்கட கணவர் வருசக்கணக்கா மருந்து எடுத்ததெண்டு பதிவு இருக்கு. அது பொய்யோ?"

"பொய்யில்லைங்க. வாங்குனது அவர். குடிச்சது தம்பி."

மொழிபெயர்ப்பவர் அதைச் சிங்களத்தில் சொல்லாமல் என்னையே பார்த்தார். "களவா எடுத்தவரோ?"

"களவு இல்லைங்க. குடுத்தவருக்கும் தெரியும். லயத்துக்கே தெரியும்."

மொழிபெயர்ப்பவர் அதைச் சிங்களத்தில் சொல்லி முடித்ததும் அறையில் யாருக்கும் விளங்கின மாதிரித் தெரியவில்லை. நீதிபதி என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, நம்பிக்கையும் இல்லை.

அப்போதுதான் வேலுவைக் கூப்பிட்டார்கள். காலை ரயிலில் வந்து, புதுக்கடை வெயிலில் நடந்து, படியேறி வந்திருந்தார். கூண்டில் நின்று வாயைத் திறந்தார், பேச்சு வரவில்லை. மூச்சுத்தான் விசில் மாதிரி வந்தது. அறை முழுக்க அந்தச் சத்தம். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலி கொடுக்கச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கொஞ்சம் ஆறியதும் வேலு சொன்னார்: "இந்த இழுப்பு என்னோடதுங்க. அண்ணன் மூட்டையோட மலை ஏறுவாரு."

தீர்ப்புக்கு முன்பே கம்பனி இணங்கி வந்தது. பணம் தந்தார்கள். மறைத்தார் என்ற சொல்லை திரும்பப் பெறுவதாக எழுதித் தர வேண்டும் என்றும் சட்டத்தரணி அம்மாவைக் கேட்க வைத்தேன். அதுவும் வந்தது. வேலுவை யாரும் உள்ளே போடவில்லை. சாட்சி சொன்ன மறுநாளே, ஊருக்கு அனுப்புமுன், அவரை இங்கே கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். மருந்துப் பையை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். "உங்க பேருதான் போட்டிருக்கு" என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணன் பேர் இல்லாம இது கேக்குமா அண்ணி?" என்றார்.

இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன். பாமசியில் என் பேரை இப்போது கேட்காமலே எழுதுகிறார்கள். போன பொங்கலுக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் தலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். கொண்டுபோன பையிலிருந்து மாத்திரையைக் கொட்டிக் கையில் கொடுத்தேன். "பையோட குடுங்க" என்றாள். பையில் என் பேர் இருந்தது. அதை மட்டும் நாலாக மடித்து என் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டேன்.