எழுமலைப் பக்கம் எல்லாரும் ‘ஆமா’ சொன்னார்கள்

தங்கள் மனதில் இருப்பது கோபமா வருத்தமா என்று பிரித்தறியவும் சொல்லவும் தடுமாறுகிறவர்களைக் கண்டறிய ஒரு கேள்வித்தாள் உண்டு. அதன் தமிழாக்கம் நம் மக்களிடம் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஒரு முறை கேட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டு, பதில்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்த இரண்டாம் சுற்றுக்காகப் பங்குனி வெயிலில் எழுமலைக்குக் கிளம்பினேன்.

காலை ஆறரைக்கு மதுரை ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ். உசிலம்பட்டியில் இட்லியை முடித்துவிட்டு எழுமலை பஸ். ஜன்னலோரம் கிடைத்தால் மேற்கே மலை கூடவே வரும். இறங்கியதும் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். ஓட்டுநர் என் பையைப் பார்த்து, “லோன் குடுக்க வந்தீகளா?” என்றார். மனசைப் பற்றிக் கேள்வி கேட்க வந்தேன் என்றேன். “அதுக்கெல்லாம் சம்பளம் குடுக்குறாகளா?” என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

பேச்சியம்மாள் (பெயரை மாற்றியிருக்கிறேன்) வாசலில் பருத்தியில் தூசி எடுத்துக்கொண்டிருந்தார். கணவர் சற்றுத் தள்ளி மருந்தடிக்கும் டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தார். மோர் வந்தது. கேள்விகளைத் தொடங்கினேன்.

‘என் மனதில் என்ன உணர்ச்சி என்று எனக்கே புரிவதில்லை.’

“ஆமா தங்கச்சி.”

‘என் உணர்ச்சிகளை எளிதாகச் சொல்லிவிடுவேன்.’

“ஆமா தங்கச்சி.”

“ரெண்டும் எப்படிக்கா ஆமாவாகும்?”

“இம்புட்டுத் தூரம் வெயில்ல வந்திருக்கீக. வீடு தேடி வந்தவககிட்ட இல்லன்னா சொல்றது? நல்லாவா இருக்கும்?”

சிரித்துவிட்டேன். அடுத்த நொடியே பயம் பிடித்தது. மோர் கொடுத்த வீடுகளெல்லாம் ஆமாவையும் சேர்த்துக் கொடுத்திருந்தால்? இரண்டு சுற்றும் அழகாக ஒத்துப்போகும். ஆய்வு மட்டும் பொய்யாகிவிடும்.

“நீங்க ‘இல்ல’ன்னு சொன்னாலும் எனக்குச் சந்தோசம்தான்க்கா” என்று சொல்லி, முதலிலிருந்து கேட்டேன். இப்போது யோசித்து யோசித்துப் பதில் சொன்னார்.

‘நெருங்கியவர்களிடம் மனதில் இருப்பதைச் சொல்ல முடிகிறது.’

பருத்தியில் இருந்த கை நின்றது. “இல்ல” என்றார்.

டேங்க் கழுவும் சத்தமும் நின்றது.

இதே வேலையாகப் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் பஸ் குறைவு. ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள். முதல் சுற்றை நான் எல்லா வீட்டிலும் திரும்ப நடத்தப் போகிறேன்; மனம் சோர்ந்தாலும் வேறு வழியில்லை.

திரும்பும்போது ரோடு வரை பேச்சியம்மாளின் கணவர் கூடவே வந்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி, “அவ சொல்ல முடியலன்னது என்கிட்டயா?” என்று கேட்டார்.

“அத நான் சொல்லக் கூடாதுண்ணே. அக்காகிட்டயே கேளுங்க.”

“எங்கிட்ட அவ எல்லாத்துக்கும் ஆமாதாம்மா. இருவது வருசமா.”

ஆட்டோ வந்தது. ஏறப் போனவள் திரும்பி, “‘இல்ல’ன்னு சொன்னாலும் கோவிக்க மாட்டேன்னு மொதல்ல சொல்லிட்டுக் கேளுங்கண்ணே” என்றேன்.