பெங் மாமாவால் எவ்வளவு முடியும்

சினுவானைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமானவள் என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பிடிவாதக்காரி, கல்லில் நார் உரிக்கப் பார்ப்பவள். என் பப்பாளி சாலட் கடைக்கு எதிரேதான் பெங் மாமாவின் வீடு. அங்கே அவள் அடித்த கூத்தையெல்லாம் உரலில் மிளகாய் இடித்துக்கொண்டே பார்த்தவள் நான்.

பாங்காக்கில் பெரிய வீடுகளில் சமைத்துக்கொண்டிருந்தவள், புருஷன் செத்த பிறகு ஊரோடு வந்துவிட்டாள். படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ள ஊராட்சி ஆள் எடுத்தது. சுகாதார நிலையத்தில் பயிற்சி முடித்து அந்த வேலையில் சேர்ந்தாள். கிடைப்பது வண்டி பெட்ரோலுக்கே சரியாக இருக்கும். கேட்டால், "வீட்ல உக்காந்து சுவரைப் பார்க்கறதுக்கு இது தேவலாம்" என்பாள்.

பெங் மாமா கரும்பு லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மகள் ஓரதாய்க்கு மீன்வலைத் தொழிற்சாலையில் வேலை. அந்த வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். அவள் கிளம்பிப் போனதும் சினுவான் வருவாள். துடைத்து, துணி மாற்றி, புரட்டிப் போட்டு, சாப்பாடு ஊட்டிவிட்டுப் போவாள். அதோடு விட்டிருக்கலாம். இடது கையால் ஒட்டரிசிச் சோற்றை உருட்டப் பழக்குகிறேன் என்று ஆரம்பித்தாள்.

வலது கைக்காரருக்கு இடது கையில் ஒட்டரிசி உருண்டை நிற்குமா? விரலெல்லாம் அப்பிக்கொள்ளும். மாமா சோறு வைத்த மூங்கில் கூடையைத் தள்ளிவிடுவார்.

"ஊட்டித் தொலையேன்டி!"

"ஏன், நான் என்ன உங்க பெண்டாட்டியா? உருட்டுங்க மாமா, உங்களால முடியும்."

மழைக்காலம் முழுக்க இதே சண்டை. கடைசியில் ஒருநாள் உருண்டை நின்றது. மாமா அதை மிளகாய்த் துவையலில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டு, பந்தயம் ஜெயித்தவர் மாதிரி என் கடைப் பக்கம் பார்த்தார். ஆனால் அந்த ஒரு வேளைக்கே அவருடைய அன்றைய பலமெல்லாம் தீர்ந்துவிடும். பிறகு மறுநாள் சினுவான் வந்து உட்கார வைக்கும்வரை கட்டைதான். மூத்திரம் போனால் சொல்லக்கூடத் தெம்பு இருக்காது.

அந்தச் சமயத்தில்தான் மாகாண சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு குழு வந்தது. எங்கள் ஊரில் நோயாளிகளை எப்படிக் கவனிக்கிறார்கள் என்று வீடு வீடாகப் பார்த்து மதிப்பிடப் போகிறார்களாம். சுகாதார நிலைய நர்ஸ் பிம்பா முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான், ஊரே கல்யாண வீடாகிவிட்டது. புதுப் பாய் விரித்தோம். பழம் நறுக்கினோம். மாமாவுக்கு வெள்ளைச் சட்டை மாட்டினோம். விருந்தாளி வந்த இடத்தில் வலியைச் சொல்லி முகம் சுளிக்க வைப்பது எங்கள் வழக்கமில்லை. சாகக் கிடப்பவனைக் கேட்டால்கூட, "ஒண்ணுமில்லைங்க, நல்லாயிருக்கேன்" என்பான்.

மாமாவும் அதையே சொன்னார். சினுவான் தோளைப் பிடிக்க, நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார். இடது கையால் சோறு உருட்டிச் சாப்பிட்டார். "நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க" என்று கூடையை நீட்டினார். வந்தவர்கள் கைதட்டினார்கள். சினுவானுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான்.

முடிவைப் பிம்பா கொண்டுவந்தாள். ஊருக்கு நல்ல பேர். ஆனால் தானே எவ்வளவு செய்துகொள்கிறார் என்று நோயாளிக்குப் போடும் மதிப்பெண் மாமாவுக்கு ஏறிவிட்டது. மதிப்பெண் ஏறினால் பட்டியலில் பெயர் இருக்காது. வீட்டுக்கு ஆள் வருவது இந்த மாதத்தோடு நின்றுவிடும்.

ஓரதாய் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நான் வேலையை விட்டுடணும். வேற வழி?"

"நல்லாப் பார்த்துக்கிட்டதுக்குத் தண்டனையா இது?" என்று சினுவான் சீறினாள்.

"என்கிட்ட ஏன்க்கா பாயறீங்க?" என்றாள் பிம்பா. "அவரே சாப்பிட்டதை எல்லாரும் கண்ணால பார்த்தாங்க. இல்லைன்னு நான் எப்படி எழுதறது?"

"ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் அது முடியும். மிச்ச நேரம் எப்படிக் கிடக்கறாருன்னு வந்து பார்த்தாங்களா?"

"காட்டினாத்தானே பார்ப்பாங்க. மறுபடி கூட்டிட்டு வரேன். ஆனா சொல்லாம வருவோம். மாமாவுக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா மறுபடி சட்டை போட்டுக்கிட்டு உக்காந்துடுவாரு."

சினுவான் வாசற்படிப் பக்கம் திரும்பினாள். ஓரதாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சரி, கூட்டிட்டு வா" என்றாள்.

ஒருநாள் விடிந்தும் விடியாமலும் பிம்பாவும் குழுவும் சினுவானோடு வந்தார்கள். நான் அப்போதுதான் கடைக்கு முன்னால் பெருக்கிக்கொண்டிருந்தேன். கூடவே உள்ளே போனேன். மாமா நனைந்த துணியோடு கிடந்தார். வாயோரம் எச்சில் வழிந்தது. அந்நியர்களைப் பார்த்ததும் போர்வையை இழுக்கக் கை துழாவியது; போர்வை கீழே கிடந்தது. எழுந்து உட்காரச் சொன்னார்கள். இடது கையை ஊன்றினார், சரிந்தார். மறுபடி ஊன்றினார். பார்க்கச் சகிக்கவில்லை. எழுந்தே தீருவது என்று மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க மாமா," என்றாள் சினுவான். குழுவின் பக்கம் திரும்பி, "இவரால முடியாது. எழுதிக்குங்க" என்றாள்.

மாமா கையை எடுத்துவிட்டார்.

அந்த ஒரு சொல்லால் எல்லாம் சரியாயிற்று. பெயர் பட்டியலுக்குத் திரும்பியது. ஓரதாய் வேலைக்குப் போனாள். மாமா மட்டும் பிம்பாவைக் கூப்பிட்டு, தனக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டார். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வர ஆரம்பித்தாள். நல்ல பெண்தான், சொன்னதைச் செய்வாள், ஊட்டிவிடுவாள், போவாள். சோற்றுக் கூடையை மாமா தொடுவதே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் கடையை அப்படியே போட்டுவிட்டுப் போய் நின்றேன்.

"நன்றி கெட்ட மனுஷன் மாமா நீங்க. உங்க மகளுக்காகத்தானே அவ அப்படிச் சொன்னா? நாலு பேர் பார்த்தா என்ன, உங்க மானம் கப்பலேறிடுச்சா?"

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. வார்த்தை குழறியது, ஆனால் புரிந்தது.

"அவங்க பார்த்ததுல எனக்கொண்ணும் இல்லை. டாக்டர், நர்ஸு, நீ, என் மக, எல்லாரும் என்னால முடியாதுன்னுதானே நினைச்சீங்க? முடியும்னு சொன்னவ அவ ஒருத்திதான். இப்ப அவளும் சொல்லிட்டா."

கடைக்குத் திரும்பி வந்து உரலை எடுத்தேன்.

சாயங்காலம் சினுவானிடம் போய் அப்படியே சொன்னேன். மறைத்திருக்கலாம், என் வாய் நிற்காது. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. கண் கலங்கிவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை.

"பொய்யா சொன்னேன்? அந்த நேரத்துல முடியலைதானே அவரால?"

"முடியலைதான்."

"அப்ப முடியற நேரத்துல போய், முடியும்னு நானே சொல்லிட்டு வரேன்."

"உன்னைத்தான் வேற வீட்டுக்கு மாத்திட்டாங்களே. எந்தக் கணக்குல போவே? உள்ள விடுவாரா அவரு?"

"விடாட்டி வெளிய நிக்கறேன்."

மறுநாள் காலையில் அவள் வண்டி எதிர்வீட்டு வாசலில் நின்றது. புதுப் பெண் உடம்பைத் துடைத்துத் துணி மாற்றிவிட்டு வெளியே வரும்வரை காத்திருந்தாள். அப்புறம் என் கடைக்கு வந்து, சூடாக ஒரு கூடை ஒட்டரிசிச் சோறு கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில், "ஊட்டித் தொலையேன்டி!" என்று மாமா அவளைத் திட்டும் சத்தம் கேட்டது.